கடைசிக் கட்டத்தில் ஒரு பெயர்

லிஃப்ட்காரர்: ...மூணாவது தடவை மச்சான். பேனாவக் கையில எடுக்குற, மறுபடியும் மேசையில வைக்கிற.

மச்சான்: மை வருதான்னு பாத்தேன் மாமா.

லிஃப்ட்காரர்: வருது. மேல இருக்குற பதினாலு கேள்விக்கும் அதாலதான் பதில் எழுதியிருக்கேன். நீ கீழ ஒரே ஒரு கையெழுத்துப் போடு, போதும்.

மச்சான்: முதல்ல நீங்க உக்காருங்க. ஜன்னலுக்கும் கதவுக்குமா நடக்குறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது.

லிஃப்ட்காரர்: உக்காந்தா மூச்சு முட்டுது. நடந்தா கால் வீங்குது. ரெண்டுல ஒண்ணுதான் முடியும். இப்போ நடக்குற முறை.

மச்சான்: அக்கா எப்ப வருவா?

லிஃப்ட்காரர்: ஆறு மணிக்கு. கண்ணாடிக் கடையில இன்னைக்குக் கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கெல்லாம் கண் பாக்குறாங்க. அதனாலதான் உன்னை இந்த நேரத்துக்கு வரச் சொன்னேன்.

மச்சான்: டிவி ஓடல, வந்து பாருன்னு சொன்னீங்க.

லிஃப்ட்காரர்: நிஜத்தச் சொல்லியிருந்தா வந்திருப்பியா?

மச்சான்: ...மாட்டேன்.

லிஃப்ட்காரர்: அப்புறம் என்ன? போடு. மூணரைக்கு வண்டி வரும். நாலு மணிக்கு இந்தப் பேப்பர் இதய வார்டு நர்ஸம்மா கையில இருக்கணும்.

மச்சான்: படிக்காம எப்படி மாமா போடுறது? வண்டி ஓட்டக் கத்துக்க வர்றவங்களுக்கு நான் சொல்ற முதல் பாடமே அதான். படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க.

லிஃப்ட்காரர்: முதல் பாடம் அதுவா? முன்னாடி பாத்து ஓட்டுன்னு சொல்லமாட்ட?

மச்சான்: அது ரெண்டாவது.

லிஃப்ட்காரர்: உன்கிட்டக் கத்துக்கிட்டவன் ஓட்டுற ரோட்டுல நான் நடக்கவே மாட்டேன்டா. சரி, படி. சத்தமாப் படி.

மச்சான்: "என் நோய் இனிக் குணமாகாது என்று மருத்துவர்கள் கருதும் நிலையில்..." மாமா, டீ போடட்டுமா?

லிஃப்ட்காரர்: படிடா.

மச்சான்: "...நானே பேச முடியாமல் போனால், எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை..." எதுக்கு மாமா இதெல்லாம்? நல்லாத்தானே இருக்கீங்க. போன வாரம்கூட...

லிஃப்ட்காரர்: போன வாரம்கூட என்ன?

மச்சான்: சிரிச்சிட்டுத்தானே இருந்தீங்க.

லிஃப்ட்காரர்: சிரிச்சா இதயம் சரியாயிடுமா? இதயம் ரத்தத்த வெளிய தள்ளுற அளவு நூத்துக்கு அறுபது இருக்கணுமாம், எனக்கு இருபது இருக்காம். டாக்டர் திரையில காட்டினாரு. சுருங்கவே மாட்டேங்குது, சும்மா நடுங்குது. எங்க கம்பெனியில ஒரு மோட்டார் அப்படி ஓடினா, முதல்ல லிஃப்ட் வாசல்ல ஓடாதுன்னு பலகையத் தொங்கவிட்டுட்டுத்தான் மத்த வேலை.

மச்சான்: நெஞ்சுல பெட்டி வச்சிருக்காங்களே. இதயம் தடுமாறினா அது உதைச்சு எழுப்பிடும்னு சொன்னாங்களே.

லிஃப்ட்காரர்: உதைக்குது. நல்லாவே உதைக்குது.

மச்சான்: ...உதைச்சுதா? எப்போ?

லிஃப்ட்காரர்: செவ்வாக்கிழமை. முதல் மாடி திரும்புற இடத்துல. ரெண்டு தடவை. கண்ணு முன்னாடி வெள்ளையா ஒண்ணு வெடிச்சுது, படியில உக்காந்துட்டேன். கீழ்வீட்டு நாய் மட்டும்தான் பாத்துச்சு. அது யார்கிட்டயும் சொல்லாது. நீயும் சொல்லாதே.

மச்சான்: அக்காவுக்குத் தெரியாதா?

லிஃப்ட்காரர்: அவளுக்கு எதுக்கு? பகல் முழுக்க அங்க நின்னுட்டு வர்றா.

மச்சான்: மாமா, இது தப்பு. இதை மறைக்கக் கூடாது.

லிஃப்ட்காரர்: நீ மறைக்கிற எதையாவது நான் கேட்டிருக்கேனா?

மச்சான்: ...நான் என்ன மறைக்கிறேன்?

லிஃப்ட்காரர்: சும்மாச் சொன்னேன்டா. ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? படி, அடுத்தது.

மச்சான்: "பெட்டியின் மின் அதிர்ச்சியைக் கடைசி நாட்களில் நிறுத்திவைக்க..." நிறுத்தலாம்னு டிக் போட்டிருக்கீங்க!

லிஃப்ட்காரர்: ஆமா. நான் போயிட்டிருக்கும்போது அது என்னை உதைச்சு உதைச்சுத் திருப்பி இழுத்துட்டு வரும். வேண்டாம். ஒரு தடவை கிளம்பினா கிளம்பினதுதான். வாசல் வரைக்கும் போனவன எதையோ மறந்துட்டியேன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா நல்லாவா இருக்கு?

மச்சான்: எப்படி மாமா இவ்வளவு சாதாரணமாப் பேசுறீங்க? பயமா இல்லையா?

லிஃப்ட்காரர்: எதுக்கு?

மச்சான்: அதான்... அதுக்கு.

லிஃப்ட்காரர்: பேரைச் சொல்லு. சாவுன்னு சொன்னா உடனே வந்து பெல் அடிச்சிடுமா?

மச்சான்: எங்க வீட்டுல அந்த வார்த்தையையே எடுக்க விடமாட்டா உங்க தங்கச்சி.

லிஃப்ட்காரர்: பயம் இருக்கு மச்சான். வேலையா இருந்தா இல்ல. காலையில பல் தேய்ப்பேன். பேஸ்ட்டப் பிதுக்கும்போது தோணும்... இது தீர்றதுக்குள்ள நான் தீர்ந்துடுவேனோன்னு. சிரிப்பா வரும். ரெண்டு நிமிஷம் கழிச்சுச் சிரிப்பு வராது. கையில பிரஷ்ஷோட அப்படியே நிப்பேன்.

மச்சான்: மாமா...

லிஃப்ட்காரர்: ஆனா, போறது பெரிய பயம் இல்ல. நடுவுல மாட்டிக்கிறதுதான். முப்பத்தாறு வருஷத்துல ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டினவங்க எத்தனை பேரை வெளிய எடுத்திருப்பேன்! ஒரு வக்கீலம்மா, நாப்பது நிமிஷம் உள்ள. விழுந்துடுவேன்னு அவங்க கத்தல. வெளிய ஆள் இருக்கா, ஆள் இருக்கான்னுதான் கத்தினாங்க. கதவு இடுக்குல விரல விட்டேன். அதைப் புடிச்சிக்கிட்டாங்க. அப்புறம் சத்தமே இல்ல.

மச்சான்: அதான் ஆஸ்பத்திரியில ஆள் இருக்காங்களே.

லிஃப்ட்காரர்: போன தடவை பதினோரு நாள் அங்கதானே கிடந்தேன். தொண்டையில குழாய். புடுங்கிடுவேன்னு ரெண்டு கையையும் கட்டிலோட கட்டிட்டாங்க. நடுநடுவுல முழிப்பு வரும். மேல கூரையில பழுப்பா ஒரு கறை. மேப்புல நாடு நாடாப் பிரிச்சு வச்சமாதிரி இருக்கும். மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. சொல்லவும் முடியாது. எத்தனை மணி, எத்தனாவது நாள், ஒண்ணும் தெரியாது. அந்த இடத்துக்குத்தான் நான் திரும்பப் போகமாட்டேங்கிறேன். புரியுதா?

மச்சான்: ...புரியுது.

லிஃப்ட்காரர்: அப்போ அங்க நின்னு, "இவரு இதை வேண்டாம்னு எழுதி வச்சிருக்காரு, போதும் விடுங்க"ன்னு டாக்டர்கிட்டச் சொல்ல ஒரு ஆள் வேணும். நான் பேச முடியாதப்போ எனக்குப் பதிலாப் பேச ஒரே ஒரு ஆள். அந்தக் கட்டத்துலதான் உன் பேரை எழுதியிருக்கேன்.

மச்சான்: நான் போய்...

லிஃப்ட்காரர்: ஏன், உனக்கென்ன? கார்ல உன் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் வச்சிட்டு உக்காந்திருக்குற ஆளு நீ. ஓட்டுறவன் பயந்து போய்க் கையை விட்டாலும் நீ கரெக்டா மிதிப்ப.

மச்சான்: அந்த பிரேக் வேற மாமா! அதை மிதிச்சா வண்டி நிக்கும். இதை மிதிச்சா...

லிஃப்ட்காரர்: இதை மிதிச்சா?

மச்சான்: ஃபோன் அடிக்குது. ஒரு நிமிஷம்.

லிஃப்ட்காரர்: அடிக்கவே இல்ல.

மச்சான்: வைப்ரேஷன்ல போட்டிருக்கேன்.

லிஃப்ட்காரர்: ஃபோன் என் கையில இருக்குடா. நீ வந்ததும் நான்தானே வாங்கி அணைச்சேன். என்னோடதையும் அணைச்சுட்டேன். தப்பிக்க வழி தேடாதே.

மச்சான்: அக்காவக் கேளுங்களேன் மாமா. அவதானே முறை.

லிஃப்ட்காரர்: அவ வேண்டாம்.

மச்சான்: ஏன்?

லிஃப்ட்காரர்: வேண்டாம்னா வேண்டாம்.

மச்சான்: அவளால முடியாதுன்னு நினைக்கிறீங்களா?

லிஃப்ட்காரர்: ...ஆமா. முடியாது. அழுவா. டாக்டர் காலப் புடிச்சுப்பா. வருஷக்கணக்கா என்னைக் குழாயோட வச்சிருப்பா.

மச்சான்: அப்படிச் சொல்லாதீங்க.

லிஃப்ட்காரர்: என்ன?

மச்சான்: அக்காவப் பத்தி அப்படிச் சொல்லாதீங்க. அவ்வளவுதான்.

லிஃப்ட்காரர்: ஏன் உன் குரல் நடுங்குது?

மச்சான்: நடுங்கல. காத்து... ஐயோ, பெல்லு!

லிஃப்ட்காரர்: மணி மூணுதானே ஆகுது. வண்டியா இருக்கும். முன்னாடியே வந்துட்டான்.

மனைவி: என்னங்க! கதவு ஏன் உள்தாழ் போட்டிருக்கு?

மச்சான்: அக்கா!

லிஃப்ட்காரர்: பேப்பர ஒளி. ஒளிடா! அங்க இல்ல, செய்தித்தாளுக்கு அடியில... பேனா, பேனா!

மனைவி: என்னங்க? உங்களுக்கு ஒண்ணுமில்லையே? தொறங்க!

லிஃப்ட்காரர்: வர்றேம்மா, வர்றேன். நடந்துதானே வரணும்.

மனைவி: ...எதுக்கு இவ்வளவு நேரம்? அட, நீ எங்கடா இங்க? இந்நேரம் கிளாஸ் இருக்குமே உனக்கு?

மச்சான்: டிவி ரிப்பேர் அக்கா. ஓடலைன்னு மாமா கூப்பிட்டாரு.

லிஃப்ட்காரர்: சும்மா என்னைப் பாக்க வந்தான்.

மனைவி: ரெண்டுல எது?

மச்சான்: பாக்க வந்தேன். வந்த இடத்துல டிவி...

மனைவி: காலையில நான் கிளம்பும்போது ஓடிச்சே. இந்தா, இப்பவும் ஓடுது.

லிஃப்ட்காரர்: அதான் சரி பண்ணிட்டானே. கைராசிக்காரன்.

மனைவி: ஓஹோ. ரெண்டு பேரும் ஏன் நின்னுக்கிட்டு இருக்கீங்க? நாற்காலி எல்லாம் என்ன பாவம் பண்ணிச்சு?

லிஃப்ட்காரர்: நீ என்னம்மா சீக்கிரம்? கடையில கூட்டம்னு சொன்ன.

மனைவி: கூட்டம்தான். பாதியில விட்டுட்டு ஓடி வந்தேன். அந்த நர்ஸம்மா என் நம்பருக்குக் கூப்பிட்டாங்க. உங்க ஃபோன் அணைஞ்சு கிடக்காம். நாலு மணிக்கு மறக்காம அந்தப் படிவத்தக் கொண்டுவரச் சொன்னாங்க.

லிஃப்ட்காரர்: ...எந்தப் படிவம்?

மனைவி: நான் கேட்க வேண்டியத நீங்க கேக்குறீங்க. செவ்வாக்கிழமை ரெண்டு தடவை பெட்டி உதைச்சதுக்கு அப்புறம் எப்படி இருக்காருன்னும் கேட்டாங்க.

லிஃப்ட்காரர்: மச்சான்!

மச்சான்: நான் வாயே தொறக்கல மாமா! ஃபோன்கூட உங்க கையில இருந்துச்சு!

மனைவி: ஓ, உனக்கும் தெரியுமா? அவனைத் திட்டாதீங்க. உதைச்சது பெட்டிக்குள்ளயே பதிவாகி அவங்களுக்குப் போயிடுமாம். நாள், மணி, நிமிஷம் எல்லாம் இருக்காம். முப்பத்தாறு வருஷம் மெஷினோட மல்லுக்கட்டின மனுஷனுக்கு இது தெரியாதாக்கும்.

லிஃப்ட்காரர்: ...தெரியும். மறந்துட்டேன்.

மனைவி: செவ்வாக்கிழமை நான் வந்ததும் என்ன சொன்னீங்க? "படி ஏறினேன், ஒண்ணுமே தெரியல, கால் நல்லாயிடுச்சு"ன்னு சொன்னீங்க.

லிஃப்ட்காரர்: ஏறினதென்னவோ நிஜம்தானே.

மனைவி: சிரிக்காதீங்க. எனக்குச் சிரிப்பு வரல. எடு தம்பி அந்தப் பேப்பர.

மச்சான்: எந்தப் பேப்பர்?

மனைவி: செய்தித்தாளுக்கு அடியில நீட்டிக்கிட்டு இருக்கே, அந்தப் பேப்பர். பொடி எழுத்துப் படிக்கிறதுதான்டா எனக்குப் பொழப்பே.

லிஃப்ட்காரர்: இங்க பாரும்மா, சாயங்காலம் நிதானமாப் பேசலாம்...

மனைவி: கொடு. ம்... "இதயம் நின்றுபோனால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்க வேண்டுமா?" வேண்டாம். எழுத்தெல்லாம் கோணிக்கிட்டுப் போகுது. கை நடுங்குச்சா?

லிஃப்ட்காரர்: மேசை ஆடுச்சு.

மனைவி: "எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?" வீட்டில். வீட்டுல எங்க? படுக்கையறை சின்னது. நீங்க, கட்டில், ஆக்சிஜன் சிலிண்டர்... நான் எங்க உக்காருவேன்?

லிஃப்ட்காரர்: அதை நான் யோசிக்கல.

மனைவி: யோசிக்கணும். கூடத்துல போடலாம், ஜன்னலோரமா. அந்த அலமாரிய நகத்தினாத்தான் முடியும். தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை வந்து நகத்திக் குடு.

மச்சான்: அக்கா... ஏதோ விருந்தாளி வர்ற மாதிரிப் பேசுறியே.

மனைவி: வேற எப்படிப் பேசச் சொல்ற? "செயற்கை சுவாசம்." மூன்று நாளைக்கு மேல் வேண்டாம். ஏன் மூணு?

லிஃப்ட்காரர்: தெரியல. ரெண்டு கம்மியாத் தோணுச்சு. நாலு அதிகமாத் தோணுச்சு.

மனைவி: பத்துன்னு போடுங்க.

லிஃப்ட்காரர்: பத்தா? என்னால முடியாது.

மனைவி: போன தடவை மூணு நாள்ல விட்டிருந்தா இப்போ இந்தப் பேப்பர எழுத நீங்க இருந்திருப்பீங்களா?

லிஃப்ட்காரர்: அது வேற. அப்போ இருந்த இதயம் வேற. இனிமே குழாய் வச்சா, எடுக்க முடியறது கஷ்டம்னு டாக்டரே சொல்லிட்டாரு. உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு. நான்தான் கூட்டிட்டுப் போகல.

மனைவி: ஏழு.

லிஃப்ட்காரர்: இதுல என்னம்மா பேரம்?

மனைவி: பேரம்தான். உங்களுக்கு மூணு நாள்னா மூணு நாள். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்குறவளுக்கு? ஏழு போடுங்க.

லிஃப்ட்காரர்: நாலு.

மனைவி: அஞ்சு. அதுக்கு மேல ஒரு மணி நேரம்கூட நான் கேக்கமாட்டேன்.

லிஃப்ட்காரர்: ...சரி. அஞ்சு. மாத்திக்கிறேன்.

மச்சான்: நான் கிளம்பட்டுமா? கிளாஸ்ல ஒருத்தர் காத்துக்கிட்டு...

மனைவி: உக்காரு. கடைசிக் கட்டம். "எனக்காக முடிவெடுக்க நான் நியமிக்கும் நபர்"...

லிஃப்ட்காரர்: அதை விடும்மா. அது சும்மா.

மனைவி: இது யாரு பேரு?

மச்சான்: அக்கா, நான் கையெழுத்துப் போடல. பாரு, காலியாத்தான் இருக்கு. பேரை மட்டும் அவரா எழுதிக்கிட்டாரு.

மனைவி: முப்பத்தோரு வருஷம். உங்க மாத்திரை பதினொண்ணும் எது காலையில எது ராத்திரின்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். எத்தனை தலையணை வச்சா உங்களுக்கு மூச்சு வரும்னு எனக்குத் தெரியும். கடைசியில... இவனா?

மச்சான்: அதையேதான் அக்கா நானும் கேட்டேன்.

மனைவி: சட்டைக் கடைக்குப் போனா ரெண்டு கலரையும் கையில வச்சுக்கிட்டு எனக்கு ஃபோன் பண்றவன் இவன்! இவனா உங்களுக்கு முடிவெடுப்பான்?

லிஃப்ட்காரர்: உன்னால முடியாதுன்னுதாம்மா.

மனைவி: யாரு சொன்னா?

லிஃப்ட்காரர்: நான் சொல்றேன். நீ அழுவ. விடமாட்ட. உன் மனசு எனக்குத் தெரியாதா?

மனைவி: ...தெரியுமா?

மச்சான்: மாமா, போதும். அக்கா, நீ உள்ள போ. நான் பேசிக்கிறேன்.

மனைவி: நீ என்ன பேசுவ?

மச்சான்: மாமா, என் பேர் வேண்டாம். நான் பயந்தாங்கொள்ளி. ஓடிருவேன். ஏற்கெனவே ஒரு தடவை ஓடிட்டேன்.

லிஃப்ட்காரர்: எப்போ?

மச்சான்: நீங்க குழாயோட படுத்திருந்தப்போ. ஒன்பதாம் நாள். உள்ளேர்ந்து டாக்டர் கூப்பிட்டாரு, குடும்பத்து ஆளுங்க ரெண்டு பேர் வாங்கன்னு. நான் கதவு வரைக்கும் போனேன். அப்புறம் வண்டிய மாத்தி நிறுத்தணும்னு சொல்லிட்டுக் கீழ இறங்கிப் போயிட்டேன். ஒரு மணி நேரம் கார்லயே உக்காந்திருந்தேன். அக்கா மட்டும்தான் உள்ள போனா.

மனைவி: அதெல்லாம் இப்ப எதுக்குடா?

மச்சான்: சொல்லிடு அக்கா. உன்னால முடியாதுன்னு இவரு சொல்லிக்கிட்டே இருக்காரு. என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியல.

மனைவி: வேண்டாம்.

மச்சான்: சொல்லு. இல்லன்னா நான் சொல்லிடுவேன்.

மனைவி: ...என்னங்க, நீங்க உக்காருங்க. ப்ளீஸ். ஒரு அஞ்சு நிமிஷம் நடக்காம உக்காருங்க.

லிஃப்ட்காரர்: உக்காந்துட்டேன்.

மனைவி: அன்னைக்கு அந்த டாக்டர் கேட்டாரு. சின்ன வயசுக்காரர். கிட்னியும் நின்னுடுச்சு, இன்னும் ஒரு மெஷின் வைக்கணும், வச்சாலும் நம்பிக்கை இல்லைன்னாரு. உங்க கை ரெண்டும் கட்டியிருந்துச்சு. மணிக்கட்டு தோல் உரிஞ்சு போயிருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம்...

லிஃப்ட்காரர்: அப்புறம்?

மனைவி: போதும்னு சொல்லிட்டேன். இனிமே எதுவும் வைக்காதீங்க, அவரை விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன். காகிதம் குடுத்தாங்க. கையெழுத்தும் போட்டேன். அழக்கூட இல்ல. பெரிய டாக்டர் வெளியூர் போயிருக்காரு, காலையில அவர் வந்து பாத்துட்டுத்தான் நிறுத்துவோம்னாங்க. காலையில போனா... நீங்க கண்ணு முழிச்சிருக்கீங்க.

லிஃப்ட்காரர்: ம்.

மனைவி: பெரிய டாக்டர் அன்னைக்கு ஊர்லயே இருந்திருந்தா, உங்களை நானே... நான்தான்...

லிஃப்ட்காரர்: ம்.

மனைவி: என்ன "ம்"? திட்டுங்க. எதையாவது தூக்கிப் போடுங்க. ரெண்டு வருஷமா நீங்க சாப்பிடுறதப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கையெழுத்துதான் ஞாபகம் வருது. நீங்க என்னடான்னா ம்முன்னு உக்காந்திருக்கீங்க!

லிஃப்ட்காரர்: தெரியும்மா.

மனைவி: என்ன தெரியும்?

லிஃப்ட்காரர்: எல்லாம். வீட்டுக்கு வந்த மறுவாரம் ஆஸ்பத்திரி ஃபைலை முழுசாப் படிச்சேன். வேற வேலை என்ன இருந்துச்சு எனக்கு? எந்த மெஷின் நின்னாலும் முதல்ல பதிவுப் புத்தகத்தத்தான் பாப்பேன், பழக்க தோஷம். ஒன்பதாம் நாள், சாயங்காலம் அஞ்சே கால். "நோயாளியின் மனைவியிடம் பேசப்பட்டது." கீழ உன் கையெழுத்து. கடைசி எழுத்து கோட்ட விட்டுக் கீழ இறங்கியிருந்துச்சு.

மச்சான்: மாமா... தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நாள்...

மனைவி: ரெண்டு வருஷமா? ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

லிஃப்ட்காரர்: கேட்டா நீ மன்னிப்புக் கேப்ப. மன்னிக்க அதுல என்ன இருக்கு? நான் உன் இடத்துல நின்னிருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இன்னும் ரெண்டு நாள் முன்னாடியே சொல்லியிருப்பேன்.

மனைவி: நிஜமாவா சொல்றீங்க?

லிஃப்ட்காரர்: அந்தப் பக்கத்தப் படிச்சப்போ எனக்கு வந்தது கோவம் இல்லம்மா. நான் கட்டிப்போட்டுக் கிடந்தத யாரோ ஒருத்தர் பாத்திருக்காங்கன்னு தோணுச்சு. அவ்வளவுதான்.

மச்சான்: அக்கா, தண்ணி தரட்டுமா?

மனைவி: வேண்டாம். பேனாவக் குடு.

மச்சான்: எதுக்கு?

மனைவி: குடுடா. உன் பேரை அடிக்கப் போறேன்.

மச்சான்: அடிச்சாச் செல்லுமா?

மனைவி: அடிச்ச இடத்துல அவரு ஒரு சின்னக் கையெழுத்துப் போட்டாச் செல்லும். கடையில தினம் அப்படித்தான் திருத்துறோம். உனக்கு வேற கட்டம் இருக்கு. சாட்சி. ஓடாம நின்னு பாத்தாப் போதும்.

மச்சான்: நிக்குறேன். இந்தத் தடவை நிக்குறேன் அக்கா.

லிஃப்ட்காரர்: கீழ ஹாரன் அடிக்குது. வண்டி வந்துடுச்சு.

மனைவி: அடிக்கட்டும். இங்க சின்னதாக் கையெழுத்துப் போடுங்க... இங்கயும், அந்த மூணை அஞ்சாக்கின இடத்துல... ம். நானும் என் பேரை எழுதிட்டேன். சொல்லுங்க இப்போ. என்னால முடியும்னு உங்களுக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். நான் செஞ்சது சரின்னும் நினைக்கிறீங்க. அப்புறம் ஏன் என் பேரைப் போடல?

லிஃப்ட்காரர்: ராத்திரி நீ எந்திரிச்சு என் மூக்குகிட்டக் கைய வச்சுப் பாக்குறியே... ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளா, ஒரு ராத்திரி விடாம. அப்போ நான் தூங்கறது இல்லம்மா. முழிச்சுத்தான் கிடப்பேன். உன் கையில நல்லாப் படட்டும்னு கொஞ்சம் பலமாவே மூச்சு விடுவேன். அப்புறம்தான் நீ படுப்ப. ஒரு தடவை போதும்னு சொன்னதுக்கே இந்தப் பாடு. இன்னொரு தடவையும் நீதான் போதும்னு சொல்லணும்னா... அதுக்கப்புறம் நீ எந்திரிச்சுக் கைய வைக்கும்போது, மூச்சு விட நான் அங்க இருக்கமாட்டேனே.